இறகைப் பார்த்து இனம் சொல்லலாமா?

சந்தையில் கோழி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது இறகைத்தான். செவலை வேண்டும் என்பார் ஒருவர். புள்ளிதான் அழகு என்பார் மற்றொருவர். கறுப்பென்றால் கேட்ட விலையை எண்ணி வைத்துவிட்டுப் பேரம் பேசாமல் நடப்பார் மூன்றாமவர். கூடைக்காரரும் வாங்குகிறவரின் மனமறிந்து, "அசல் ஜாதிக் கோழி, ஐயா! நிறத்தைப் பாருங்கள்" என்றே பேச்சைத் தொடங்குகிறார். நிறம் ஒன்றாயிருந்தால் இனமும் தூயது, நிறம் கலந்திருந்தால் இனமும் கலந்தது என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி? கொல்லைப்புறத்தில் நாலு கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு இது வீண் விவாதமன்று. நிறத்தை நம்பி விலை கொடுத்து ஏமாறுவது ஒரு நஷ்டம். தலைமுறை தலைமுறையாக ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் பழகி வந்த கோழி வமிசம் ஒன்று, நிறம் சரியில்லை என்ற ஒரே குற்றத்துக்காகச் சட்டிக்குப் போய்விடுவது அதனினும் பெரிய நஷ்டம். போன பணத்தை மறுபடி சம்பாதித்துக் கொள்ளலாம். போன வமிசத்தை எந்தச் சந்தையில் வாங்குவது?

நிறத்தின்மீது மோகம் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஆந்திர நாட்டில் சங்கராந்திச் சேவற் போருக்கென்று குக்குட சாஸ்திரமே இருக்கிறது. காக்கை நிறம், டேகை நிறம், மயில் நிறம் என்று சேவல்களை வகைப்படுத்தி, எந்த நாளில் எந்த நிறம் எந்த நிறத்தை வெல்லும் என்று அது கணித்துச் சொல்கிறது. ஆயினும் அந்தச் சாஸ்திரக்காரர்கள் நிறத்தைக் கொண்டு வெற்றி தோல்வியைச் சொன்னார்களே யல்லாது, ஒரு நிறம் மட்டுமே தூய இனம் என்று சொல்லவில்லை.

அசில் கோழியையே எடுத்துக்கொள்வோம். அசில் என்ற சொல்லுக்கே கலப்பற்றது, நல்ல பிறப்புடையது என்பது பொருள். அப்படிப்பட்ட பெயர் தாங்கிய கோழி ஒரே நிறமாகவா இருக்கிறது? பொன்சிவப்பாயிருப்பது பீலா, கறுப்பும் சிவப்பும் கலந்தது யாகூப், வெள்ளை நூரி, கறுப்பு காகர். இத்தனை சட்டைகளுக்குள்ளும் இருக்கும் உடம்பு ஒன்றே. நிமிர்ந்த நிலை, அகன்ற மார்பு, நீண்ட கழுத்து, தலையோடு ஒட்டிய பட்டாணிக் கொண்டை, கனத்த எலும்பு, பின்வாங்காத நெஞ்சுரம் — இவையே அசிலின் அடையாளங்கள். நிக்கோபார்த் தீவுகளின் கோழியும் இப்படியே. கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று நிறங்களில் இருக்கும் அதனை இன்னதென்று காட்டிக் கொடுப்பது அதன் குட்டைக் கால்.

அப்படியானால் ஓர் இனத்துக்கு ஒரே நிறம் என்ற சட்டம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சீமையிலிருந்து வந்தது. அதற்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. 1845-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் கோழிகளுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. 1849-ல் இங்கிலாந்தில் சேவற் போரைத் தடுக்கும் சட்டம் உறுதிப்பட்டது. களத்தில் சோதிக்கப்பட்ட சேவல் இனி மேடையில் சோதிக்கப்படலாயிற்று. மேடைக்கு மார்க்குப் போட ஓர் அளவுகோல் வேண்டுமே! 1865-ல் இங்கிலாந்திலும், 1874-ல் அமெரிக்காவிலும் இன்ன இனத்துக்கு இன்ன இறகு என்று வரையறுத்த நூல்கள் அச்சாயின. கோழியின் தரத்தை முட்டைக் கணக்கிலும் குஞ்சுக் கணக்கிலும் பார்த்த கண், இறகின் கோட்டையும் புள்ளியையும் பார்க்கத் தொடங்கியது.

இதனால் விளைந்த வேடிக்கை ஒன்றுண்டு. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இறகுடைய பிளிமத் ராக் என்னும் அமெரிக்கக் கோழியில், சேவலும் பெட்டையும் ஒத்த நிறமாக மேடையேற வேண்டும் என்றார்கள். இயற்கை அதற்கு இணங்கவில்லை. அந்தப் பட்டையை உண்டாக்கும் கூறு சேவலுக்கு இரண்டு பங்கும் பெட்டைக்கு ஒரே பங்கும் கிடைப்பதால், சேவல் எப்போதும் வெளிறியே பிறக்கும். கண்காட்சிக்காரர் விடுவாரா? பரிசுக்குரிய சேவலைப் பெற ஒரு வமிசம், பரிசுக்குரிய பெட்டையைப் பெற வேறொரு வமிசம் என்று இரண்டு கூட்டங்களைத் தனித்தனியே வளர்த்தார்கள். மேடையில் தம்பதியாய் நின்ற பறவைகள் இரண்டும் வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவை அல்ல!

ஸ்பானியக் கருங்கோழியின் கதை வேடிக்கையோடு நிற்கவில்லை. நல்ல முட்டைக் கோழி என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய இனம் அது. கரிய உடம்பில் வெண்மையான முகம் அதன் அழகு. முகம் இன்னும் வெளுக்க வேண்டும், இன்னும் அகல வேண்டும் என்று அதையே குறியாக வைத்துப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். முகம் வெளுத்தது, உடல் வலிமை போயிற்று, குஞ்சுகள் தாங்கவில்லை, வளர்ப்போர் கைவிட்டனர்.

இனி நிறம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் பாதிரியார் 1866-ல் வெளியிட்ட பாரம்பரிய விதிகள் பிராணிகளுக்கும் பொருந்தும் என்பதை, 1902-ல் பேட்ஸன் என்னும் ஆங்கில விஞ்ஞானி கோழிகளை வைத்தே காட்டினார். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குஞ்சுக்கு ஒவ்வொரு குணத்துக்கும் இரண்டு கூறுகள் வருகின்றன. இவற்றை ஜீன் என்பர். சில ஜீன்கள் ஒன்றிருந்தாலும் தம்மைக் காட்டிக்கொள்ளும், சில, இரண்டு சேர்ந்தால்தான் வெளிப்படும், ஒன்றாயிருக்கையில் ஒளிந்துகொண்டிருக்கும்.

ஆண்டலூசியன் என்னும் நீலச் சாம்பல் நிறக் கோழி இதற்கு அருமையான சான்று. நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் எத்தனை தலைமுறை சேர்த்தாலும், குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதிதான் நீலமாக இருக்கும். கால் பங்கு கறுப்பாகவும், கால் பங்கு கறை படிந்த வெள்ளையாகவும் பிறக்கும். கலப்பு நேர்ந்துவிட்டதோ என்று வளர்ப்போர் முன்னெல்லாம் ஐயுற்றனர். உண்மை என்னவெனில், நீலம் என்பதே ஒரு கறுப்புக் கூறும் ஒரு வெளிறல் கூறும் சேர்ந்த தோற்றம். நீலம் மட்டுமே வேண்டுமானால், வேண்டாமென்று ஒதுக்கிய அந்தக் கறுப்பையும் கறைவெள்ளையையும் சேர்க்க வேண்டும். அப்போது பிறப்பதெல்லாம் நீலமாகும். நிறம் மாறிப் பிறந்த குஞ்சு கலப்புக் குஞ்சு என்று சொல்பவருக்கு இதைவிட நல்ல பதில் வேறில்லை.

வெளுத்ததெல்லாம் பாலாகுமா? வெள்ளைக் கோழிகளிலும் இரு விதம் உண்டு. வெள்ளை லெக்ஹார்னைக் கருங்கோழியோடு சேர்த்தால் குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையே. அங்கங்கே ஒரு கரும்பொட்டு இருக்கலாம். வெள்ளை பிளிமத் ராக்கைக் கருங்கோழியோடு சேர்த்தாலோ குஞ்சுகள் நிறத்தோடு பிறக்கும். கண்ணுக்கு ஒரே வெள்ளை. உள்ளே இருப்பது வேறு வேறு. கருங்கோழியின் குஞ்சுகள் வயிற்றில் வெண்மையோடு பொரிப்பதும் இயல்பே. இறகு முளைக்கையில் அது மறையும். இதையறியாமல் பிறந்த அன்றே அவற்றைக் கழித்துவிடுவோர் உண்டு.

நம் நாட்டில் இன்று இந்த அறியாமைக்குப் பெரும் விலை கொடுக்கப்படுவது கடக்நாத் விஷயத்தில்தான். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா வட்டாரத்தில் பீல், பிலாலா மக்கள் வளர்த்துக் காத்த கோழி அது. 2018-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தோல், கொண்டை, நாக்கு, எலும்பின் மேலுறை, இறைச்சி எல்லாம் கறுத்திருக்கும். இறகிலோ முழுக் கறுப்பும் உண்டு. வெள்ளிக் கோடும் பொற்கோடும் இழையோடியவையும் உண்டு. முட்டை கறுப்பன்று, வெளிர் பழுப்பே.

உடம்பைக் கறுக்கச் செய்யும் ஜீன், ஒன்றிருந்தாலே தன்னைக் காட்டும் வகையைச் சேர்ந்தது. ஆகவே கருங்கால் கொண்ட நாட்டுப் பெட்டையோடு கடக்நாத் சேவலைச் சேர்த்தால், பிறக்கும் கலப்புக் குஞ்சுகளும் பெரும்பாலும் கறுத்தே தோன்றும். அவற்றை அசல் என்று விற்பது எளிது. நம்பி வாங்குவதும் எளிது. அக்குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் கூடும்போதுதான் சாயம் வெளுக்கும். ஏறக்குறைய நாலில் ஒன்று வெளிறிய தோலோடு பிறக்கும். அதற்குள் விற்றவர் எந்தச் சந்தையில் இருக்கிறாரோ!

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பண்ணைகளில் உருவாக்கிய வனராஜா போன்ற கலப்பினங்களுக்குக் கிராமத்தார் விரும்பும்படி பல நிற இறகு வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அது குற்றமன்று, அவை முட்டையும் எடையும் மிகுதியாகத் தரும் பறவைகள். ஆனால் செவலை இறகையும் பழுப்பு முட்டையையும் கண்டு அவற்றை நாட்டுக்கோழி என்று கொண்டால், அடைகாத்துக் குஞ்சு பேணும் குணத்தை அவற்றிடம் தேடி ஏமாறுவோம். நிறம் நாட்டுக்கோழியைப் போலிருந்ததே யொழிய, குணம் அப்படியில்லை.

தூய்மை, தூய்மை என்று சொல்கிறோமே. கோழி குலத்தின் மூலத்தையே ஆராய்ந்தால் என்ன தெரிகிறது? வீட்டுக் கோழிகள் யாவும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழி வந்தவை என்று 1868-ல் டார்வின் எழுதினார். 2020-ல் வெளியான 863 பறவைகளின் ஆராய்ச்சி, தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, பர்மா ஆகிய பகுதிகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி வகையே முதன்மையான மூதாதை என்று காட்டியது. ஆனால் கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான ஜீன் அதனிடமிருந்து வந்ததன்று. நம் தென்னாட்டு மலைகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் தெரியவந்தது. மேடையில் தூய இனமென்று பரிசு வாங்கிய மஞ்சள் கால் லெக்ஹார்னுக்குள்ளும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவையின் சொத்து ஒன்று இருக்கிறது! ஆதிமுதல் கலப்பே காணாத கோழி என்று ஒன்றைத் தேடுவது வீண்.

அப்படியானால் இனத் தூய்மை என்பதே பொய்யா? பொய்யன்று. ஒரு கூட்டம் பல தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெருகி, உருவமும் குணமும் மாறாமல் குஞ்சுகளுக்குக் கொடுத்து வருமானால் அது ஓர் இனம். சோதனை, பெற்றோரின் தோற்றத்தில் அல்ல, பிள்ளைகளிடத்தில் இருக்கிறது. பட்டாணிக் கொண்டைச் சேவலுக்கும் பட்டாணிக் கொண்டைப் பெட்டைக்கும் பிறந்த குஞ்சுகளில் ஒற்றைக் கொண்டை தோன்றினால், அங்கே பழைய கலப்பு ஒளிந்திருக்கிறது என்று அறியலாம். நிறத்தாலும் பயன் இல்லாமலில்லை. வெள்ளைக் கோழியைப் பருந்து தொலைவிலேயே கண்டுகொள்ளும். மண்ணோடு மண்ணாகத் தோன்றும் புள்ளிப் பெட்டை புதரில் அடைகாத்தால் நம் கண்ணுக்கே தென்படாது. நிறத்தை இந்தக் கண்கொண்டு பார்ப்பதில் தவறில்லை.

வீட்டில் கோழி வளர்க்கும் தாய்மார்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். உடன்பிறந்தவை தமக்குள்ளேயே கூடி வலிமை குன்றாதபடி, ஆண்டுக்கொரு முறை அதே வகைச் சேவலை அடுத்த ஊரிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். வேற்றுச் சேவல் ஒன்று வந்து கூடிவிட்டால் பெட்டை என்றென்றைக்கும் கெட்டுப்போயிற்று என்று எண்ண வேண்டாம். அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரமே தங்கும். சேவலை விலக்கிய பின் மூன்று வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் இட்டவற்றை அடைக்கு வைத்தால் போதும். காலில் ஒரு வளையம், ஒரு பழைய நோட்டுப் புத்தகம் — எந்தக் குஞ்சு எந்தத் தாயினுடையது, எத்தனை பிழைத்தது என்று குறித்து வந்தால் மூன்று ஆண்டில் அந்த நோட்டு எந்த இறகையும்விட உண்மையைச் சொல்லும். நாட்டுக்கோழிதானே என்று வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போடாமல் விட்டுவிடவும் கூடாது.

கர்னால் நகரில் உள்ள தேசிய நிறுவனம் அசில், கடக்நாத், தலைச்சேரி, நிக்கோபாரி முதலிய கோழியினங்களைப் பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறது. பதிவேடு பெயரைக் காக்கும். கோழியைக் காப்பது கொல்லைப்புறம்தான். ஆகவே, அடுத்த முறை கூடைக்காரர் நிறத்தைப் பாருங்கள் என்று சொல்லும்போது, நிறத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதன் தாய் எத்தனை முட்டைக்கு அடைகாத்தது? அவற்றில் எத்தனை குஞ்சு பெரிதாயிற்று?