உங்களுக்குத் தெரியுமா? விவேகானந்தர் சுமந்த கிறிஸ்தவ நூல்

ஊர் ஊராகச் சுற்றித் திரிந்த நாட்களில் விவேகானந்தரிடம் தண்டம், கமண்டலம் போக இருந்தவை இரண்டு புத்தகங்கள். ஒன்று பகவத் கீதை. இன்னொன்று, தமிழில் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்று வந்த நூல்; சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் தாமஸ் அ கெம்பிஸ் என்ற துறவி லத்தீனில் எழுதியது. 1889-ல் அதன் ஆறு அதிகாரங்களை விவேகானந்தரே வங்காளியில் பெயர்த்து ஒரு மாத இதழுக்குக் கொடுத்தார். சும்மா பெயர்க்கவில்லை. ஒத்த கருத்துகளை இந்து சாத்திரங்களிலிருந்து எடுத்து அங்கங்கே சேர்த்தார். முன்னுரையில் இதை அடிமைப் பக்தியின், அதாவது தாஸ்ய பக்தியின் நூல் என்றார். ஆழ்வார் பாசுரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புது ஊர் அல்ல.

தாமஸ் வாழ்ந்த மடத்தின் பெயர் ‘புனித ஆக்னஸ் மலை’. நெதர்லாந்தில் ஸ்வோலே நகரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மலை என்றதும் ஜவ்வாது மலையை நினைத்துவிடாதீர்கள். அது தட்டையான நாட்டில் கொஞ்சம் எழும்பிய மணல்மேடு. ஜவ்வாது மலையின் நெல்லிவாசல்நாட்டுக்காரர்கள் பார்த்தால் கரடு என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

அந்த மேட்டில்தான் அவர் தொண்ணூறு வயது தாண்டி, 1471-ல் இறக்கும்வரை இருந்தார். வேலை, ஏடுகளைப் பார்த்துப் பிரதி எழுதுவது. முழு பைபிளை மட்டும் நான்கு முறை கையால் எழுதினார் என்பார்கள்.

அதுவே வம்பாகவும் போனது. அநுசாரத்தின் பழைய பிரதி ஒன்றின் முடிவில், 1441-ல் தன் கையால் எழுதி முடித்ததாகத் தாமஸ் குறித்திருக்கிறார். இயற்றி முடித்தாரா, பார்த்து எழுதி முடித்தாரா? இதை வைத்து அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டார்கள். பாரீஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜெர்சன்தான் ஆசிரியர் என்று ஒரு கட்சியே இருந்தது. இன்று பெரும்பாலோர் தாமஸ் பக்கம். பேர் வாங்க ஆசைப்படாதே என்று போதிக்கும் நூலுக்குப் பேர் யாருக்கு என்று வழக்கு. மனிதருக்கு அது கிண்டலாகவே தோன்றியிருக்கும்.

நம் ஊர்களில் ‘லிட்டில் ஃப்ளவர்’ பள்ளிகள் ஏராளம். அந்தப் பெயருக்குரிய புனிதர் குழந்தை தெரசாளுக்கு இந்நூல் ஏறக்குறைய மனப்பாடம். அத்தை வீட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்து கேட்டாலும் ஒப்பிப்பாராம்.

ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் 1961 செப்டம்பரில் விமான விபத்தில் இறந்தார். கடைசியாகத் தங்கிய காங்கோ வீட்டில் இந்த நூலை விட்டுப் போயிருந்தார். பக்க அடையாளத்துக்கு உள்ளே வைத்திருந்தது, தன் பதவிப் பிரமாண வாசகம்.

நூலில் நான்கு பாகங்கள். முதல் பாகம் கண்டிப்பான தாத்தா: வீண் பேச்சு எதற்கு, வாதத்தில் ஜெயித்து என்ன லாபம் என்று விரட்டும். நான்காவது, கிறிஸ்தவர்களின் நற்கருணைச் சடங்கு பற்றியது. மூன்றாவதில் கிறிஸ்துவும் சீடனும் பேசிக்கொள்கிறார்கள். சீடன் புலம்புகிறான், அடம்பிடிக்கிறான், மறுபடி வந்து நிற்கிறான். முதன்முறை படிப்பவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.