பெருந்தமனிக்கு ரத்தம் தருவது யார்?

நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அவ்வளவு ரத்தம் ஓடியும் அந்தக் குழாயின் சுவர் முழுவதற்கும் அது போய்ச் சேர்வதில்லை. உட்பக்கத்துச் செல்கள் ஓடும் ரத்தத்திலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. வெளிப்பக்கத்துச் செல்களுக்கு அது எட்டாது. அவற்றுக்காகச் சுவருக்குள்ளேயே நுண்ணிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றை 'வேசா வேசோரம்' என்பார்கள். மார்புப் பகுதியில் இவை விலா எலும்புகளுக்கு இடையே செல்லும் தமனிகளிலிருந்து கிளைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி நுழைகின்றன.

சுவர் எவ்வளவு தடித்தால் இந்த ஏற்பாடு தேவைப்படும்? வோலின்ஸ்கி, கிளாகோவ் என்ற இரு ஆய்வாளர்கள் பல பாலூட்டிகளின் பெருந்தமனிகளை ஒப்பிட்டு, 1967இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். நடுச்சுவரில் மீள்தன்மையுள்ள தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகள் 29ஐத் தாண்டினால்தான் அவற்றுக்குள் நுண்குழாய்கள் நுழைகின்றன. மனிதரின் வயிற்றுப் பெருந்தமனி அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. நடுச்சுவரில் நுண்குழாய்களும் இல்லை. ஆனால் அதன் ஒவ்வோர் அடுக்கும் தாங்கும் இழுவிசை மற்ற விலங்குகளைவிட அதிகம். பெருந்தமனி வீக்கம் அதிகமாக வருவதும் வயிற்றில்தான், சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே. இதை மட்டும் வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட முடியாது. புகைப்பழக்கம் செய்யும் கேடு சாதாரணமானதல்ல.

நுண்குழாய் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைச் சிபிலிஸ் காட்டியது. தொற்றிப் பல ஆண்டுகள் கழித்து, இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனியில் அந்நோய் தலைகாட்டும். நுண்குழாய்களின் சுவர் தடித்து, துவாரம் தூர்ந்துபோகும். ரத்தம் கிடைக்காத நடுச்சுவர் திட்டுத்திட்டாகச் செத்து, அந்த இடங்களில் தழும்பு விழும். தழும்பு சுருங்கச் சுருங்க உட்பரப்பு மரப்பட்டைபோல் சுருக்கம் காணும். வலுவிழந்த குழாய் உப்பும். வால்வும் கசியத் தொடங்கும். பென்சிலின் வந்தபிறகு இத்தகைய நோயாளிகள் அரிதாகிவிட்டார்கள்.

அடைபடுவதற்கு எதிர்மாறாக, நுண்குழாய் வெடிப்பதும் உண்டு. 1920இல் குரூக்கன்பெர்க் என்ற ஜெர்மானியர், உட்படலம் கிழியாமலேயே சுவருக்குள் ரத்தம் கட்டுவதை விவரித்து, நுண்குழாய் வெடித்ததே காரணம் என்றார். இன்று சி.டி. ஸ்கேனில் அது பிறை வடிவத் தடிப்பாகத் தெரிகிறது. சிலருக்கு அறுவையின்போது, ஸ்கேனில் சிக்காத சிறு கிழிசல் தென்படுவதால் எல்லாப் பழியையும் நுண்குழாய்மேல் போட முடிவதில்லை. இதயத்தை ஒட்டிய பகுதியில் கட்டினால் பெரும்பாலும் உடனே அறுவைச் சிகிச்சை. கீழிறங்கும் பகுதி என்றால் ரத்த அழுத்தத்தை மருந்தால் தணித்து, மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.