ஏரி வண்டல் நெல்லுக்கு சரி... மணி பிளான்ட்டுக்கு? திருப்புட்குழி தறி வீட்டில் ஒரு மண் பஞ்சாயத்து!

"வறுத்த பயறே முளைக்கிற ஊரு இது. இந்த மணி பிளான்ட் மட்டும் எங்கிட்ட வர மாட்டேங்குது பாரு பாப்பா" என்று பெரியம்மா சொன்னபோது எனக்கு சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் இறுதிக்கடன் செய்த இடம் என்கிறது தலவரலாறு. 'புள்' என்றால் பறவை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இங்கேதான். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் வறுத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். அது முளைத்தால் மரகதவல்லித் தாயார் வரம் கொடுத்துவிட்டார் என்று நம்பிக்கை. பெரியம்மா சொன்னது அந்தப் பயறைத்தான்.

செடி என் அக்காவுடையது. கல்யாணமாகிப் போகும் முன் ஒரு கொடியைக் கிள்ளி நட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து எடுத்து வைத்த இரண்டு தொட்டிகள் ஏற்கெனவே காலி. இப்போது மூன்றாவதும் மஞ்சளாகிக் கொண்டிருந்தது. அடுக்களை ஜன்னலில், தண்ணீர் பாட்டிலில் நிற்கும் ஒரு துண்டுதான் கடைசி.

தொட்டியை இறக்கிப் பார்த்தேன். மேல் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டு விரல் ஆழத்தில் சேறு, சாக்கடை வாடை. வேரை இழுத்தால் பழுப்புத் தோல் மட்டும் கையோடு வந்தது.

"என்ன மண்ணு பெரியம்மா இது?"

"ஏரி வண்டல். வயலுக்கு வண்டி வண்டியா அடிப்பாங்க. இதைவிட சத்தான மண்ணு எங்க இருக்கு?"

தொட்டியைக் கவிழ்த்தேன். அடி ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்திருந்தது. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா, நெசவை நிறுத்தாமலே சொன்னார்: "நான்தான் அடைச்சேன். சொட்டுத் தண்ணி பாவு மேல விழுந்தா பட்டு போச்சு. யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வெளிச்சத்துக்காகத் தறியை ஜன்னலோரம் போடுகிறார்கள். அதே வெளிச்சத்துக்காகச் செடியும் அங்கேயே தொங்குகிறது. ஆக, இந்த வீட்டுக்குத் தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும், தறி மேல் சொட்டவும் கூடாது.

வேருக்கு மூச்சு வேணும்!

நெல் தேங்கின தண்ணீரிலும் வளரும். தண்டிலும் வேரிலும் இருக்கும் காற்றறைகள் வழியே மேலிருந்து கீழே காற்றை இறக்கிக்கொள்ளும். மணி பிளான்ட்டுக்கு அந்த வசதி அவ்வளவாகக் கிடையாது. பசிபிக் கடலில் உள்ள மூரேயா தீவு அதன் சொந்த ஊர். மரத்தைப் பற்றி ஏறும், மக்கிய இலைச் சருகுகளுக்குள் வேர் விடும். வண்டல் மண்ணின் துகள்களோ மாவு போல நைஸ். தொட்டியில் நனைந்தால் இடைவெளியெல்லாம் தண்ணீரால் அடைபட்டு, வேர் மூச்சுத் திணறி அழுகும்.

"அப்போ பாட்டில்ல மட்டும் எப்படி இருக்குது?" என்று பெரியம்மா மடக்கினார். நல்ல கேள்வி. தண்ணீரிலேயே பிறந்த வேர் அதற்கேற்றபடி அமைந்துவிடுகிறது, தெளிந்த தண்ணீரில் காற்றும் கொஞ்சம் கரைந்திருக்கும். சேற்றில் அதுகூட இல்லை, அழுக வைக்கும் பூஞ்சைகள் வேறு. பாட்டில் துண்டை மண்ணுக்கு மாற்றினால் முதல் பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

என்ன கலக்கலாம்?

நாங்கள் கலந்தது இது: கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கருக்கின நெல் உமி ஒரு பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. உமிக்குப் பதில் பெர்லைட் போடலாம், ஆனால் விலை அதிகம். நெல் விளையும் ஊரில் எதற்கு? எம்-சாண்டில் நைஸ் தூள் கலந்திருந்தால் அதுவும் இறுகும். சலித்துக் கழுவாமல் போடாதீர்கள்.

கோகோபீட்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 5 கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும் என்பதால் லாபமாகத் தெரியும். ஆனால் தேங்காய் மட்டையில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டால் இலை நுனி கருகும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டுங்கள், குறைந்தது மூன்று முறை. மக்காத நார்த்தூள் என்றால் இன்னொரு தொல்லை: அது மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, இலை மஞ்சளாகும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்க வைக்கும் முறையை கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இரண்டு தொட்டிக்கு அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை, மக்கிய தூளாகக் கேட்டு வாங்கினால் போதும்.

கலவை சரியா என்று பார்க்க, ஈரமாகக் கையில் பிடித்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். களிமண் பொம்மை மாதிரி நின்றால் இன்னும் உமி சேருங்கள்.

"அடியில கூழாங்கல் போட்டா ஓட்டை வேணாமே?" என்று பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். நம் எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். ஆனால், நைஸான மண் முழுக்க நனைந்து நிரம்பும் வரை கீழே இருக்கும் கல்லுக்குத் தண்ணீரை விடாது. சேறு அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஓட்டையைத் திறந்து, மண் கொட்டாமலிருக்க ஒரு கொத்துத் தேங்காய் நார் வைத்தோம்.

சொட்டுகிற பிரச்னைக்கும் இந்தக் கலவையிலேயே வழி கிடைத்தது. வண்டல் நிறைந்த தொட்டியை பெரியம்மாவால் தூக்க முடியாது. இது பாதி கனம்கூட இல்லை. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் கழற்றிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஊற்றி, அரை மணி நேரம் வடியவிட்டு மாட்டலாம். அரிசி கழுவிய தண்ணீர் எப்போதாவது ஊற்றலாம். பட்டு அவித்த சோப்பு, சோடா தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். இது சேம்பு, சேனைக் குடும்பம். இலையைக் கடித்தால் வாய் எரிந்து அரிக்கும். தவழும் குழந்தை இருந்தால் கொடியின் நுனியை உயரமாகவே கத்தரித்து வையுங்கள்.

பாட்டில் துண்டை ஆறு அங்குலத் தொட்டியில் நட்டுவிட்டு ஊர் திரும்பினேன். போன வாரம் பெரியம்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். சுருண்டபடி ஒரு புது இலை. பின்னால், தறியிலிருந்து இரண்டடி தள்ளிப் புதிதாக அடித்த கொக்கி. அதை பெரியப்பாதான் அடித்தாராம்.