நண்பர் கட்டிய கட்டு... நாலு பேர் ஆட்டம்!

சீட்டுக்கட்டை எடுத்தாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னமும் பல வீடுகளில் உண்டு. பயம் சீட்டின் மேல் இல்லை, கூடவே வந்து உட்காரும் பணத்தின் மேல்தான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்ததும் அதனால்தான். ஆனால், ஒரு ரூபாய்கூட பந்தயம் வைக்காமல் மூளையைக் கசக்கவைக்கும் சீட்டாட்டமும் இருக்கிறது.

90-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கும். அதில் ஒரே கட்டை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்போம். டிரேடிங் கார்டு விளையாட்டில் ஆளுக்கொரு கட்டு. எந்தெந்த கார்டு என்று யோசித்துச் சேர்ப்பதே பாதி ஆட்டம். கணிதம் படித்த அமெரிக்கரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி, 1993-ல் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’தான் இதற்கு முன்னோடி. குழந்தைகளுக்குப் பிடித்த போக்கிமான் கார்டுகள் 1996-ல்தான் வந்தன.

அலாஸ்கா கொடுத்த ஆட்டம்

மேஜிக் முதலில் இருவர் மோதும் ஆட்டமாகத்தான் பிரபலமானது. அமெரிக்காவின் அலாஸ்காவில் சில நண்பர்கள் அதைப் பலர் ஆடும்படி மாற்றினார்கள். அதுதான் இன்றைய ‘கமாண்டர்’. 2011-ல் நிறுவனமே இதற்கெனத் தயார் கட்டுகளை வெளியிட்டது.

விதி எளிது. கட்டில் 100 கார்டு. அதில் ஒன்று தலைவன். அடிப்படை நில கார்டுகள் தவிர எதுவும் இரண்டு முறை வரக் கூடாது. ஒவ்வொருவருக்கும் 40 உயிர்ப்புள்ளி. கடைசிவரை நிற்பவர் ஜெயிப்பார்.

நாலு பேர் உட்கார்ந்தால் அரசியல் தானாக வந்துவிடும். பலமாகத் தெரிபவரை மற்ற மூவரும் சேர்ந்து அடிப்பார்கள். “இந்த ரவுண்டு என்னை விட்டுடு, அவனை நான் பார்த்துக்கறேன்” என்று பேரம் நடக்கும்.

காசுள்ளவன் கட்டு

சிக்கல் இங்கேதான். அரிய கார்டுகளுக்கு விலை அதிகம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பாக்கெட்டுகளை, ‘அடுத்ததில் வரும்’ என்று பிள்ளைகள் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். பாக்கெட் மணி கரையும். காசுள்ளவன் ஜெயிக்க, மற்றவன் ஆட்டத்தைவிட்டே ஒதுங்குவான்.

இதற்கு ஒரு வழி, ஒரே நண்பர் நாலு கட்டையும் சம பலத்தில் கட்டிக்கொண்டு வருவது. மற்றவர்கள் வெறுங்கையோடு வந்தால் போதும். கட்டுபவர் கவனிக்க வேண்டியவை:

• அடுப்புக்கு விறகு மாதிரி, ஆட்டத்துக்கு நில கார்டு. நூறில் 36 முதல் 38 வரை இருக்கட்டும்.

• ஒரே அடியில் ஆட்டத்தை முடிக்கும் கார்டுகளைத் தவிருங்கள்.

• கட்டியவருக்கு நாலின் ரகசியமும் தெரியும். எனவே, மற்றவர்கள் எடுத்த பிறகு மிஞ்சியதே அவருக்கு.

• ஆட்டம் முடிந்ததும் கட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஜெயித்தவருக்குத் தோற்ற கட்டு! ‘கட்டு சரியில்லை’ என்ற சாக்கு செல்லாது.

• இல்லாத கார்டை தாளில் எழுதி உறைக்குள் செருகியும் வீட்டில் ஆடலாம். அதிகாரப்பூர்வ போட்டிகளில் ஏற்க மாட்டார்கள்.

புதுச்சேரி சொல்லும் பாடம்

கூடி ஆடுவது புதுச்சேரிக்குப் பழக்கமானதுதான். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போனது. ஆனால், இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் ‘பெத்தாங்க்’ போகவில்லை. சாயங்காலம் கூடி ஆட ஆட்கள் இருந்ததால் அந்த விளையாட்டு ஊரோடு ஒட்டிக்கொண்டது.

சீட்டுக்கும் அதே கணக்குதான். ஒரு கட்டு கட்டத் தெரிந்த நண்பரும் ஒன்றிரண்டு மணி நேரமும் இருந்தால் போதும். கடற்கரைச் சாலை மட்டும் வேண்டாம். அந்தக் காற்றுக்கு உங்கள் தலைவன் கடலுக்கே போய்விடுவான். வீட்டுத் திண்ணையோ கூடமோ உத்தமம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு போனையும் ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். தோற்றவரும் அடுத்த வாரம் முதல் ஆளாக வருவார்!