கறுப்பாகப் போனால் பயப்படாதீங்க! சத்து மாத்திரை பற்றித் தெரிந்து கொள்வோம்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு, "யார் வீட்டுல சத்து மாத்திரை இருக்கு?" என்று கேட்டோம். எல்லோரும் கை தூக்கினார்கள். "யார் முழுசா சாப்பிட்டீங்க?" என்று கேட்டதும் தூக்கியது இரண்டே கைதான். மீதிப்பேர் வீட்டில் அட்டை அட்டையாக சாமி படத்துக்குப் பின்னாடி கிடக்கிறது.

ஆறு மாத கர்ப்பிணியான ஒரு சகோதரி சொன்னார்: "மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பாப் போகுது. புள்ளையும் கறுப்பாப் பொறக்கும்னு அத்தை சொன்னாங்க. அதான் நிறுத்திட்டேன்." அவருக்கு ரத்தத்தின் அளவு 8தான் இருந்தது.

இது அவர் ஒருவர் பிரச்சனை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்த சோகை.

மாத்திரை என்ன செய்கிறது?

நாம் இழுக்கும் மூச்சுக்காற்றை உடம்பு முழுக்கக் கொண்டு போவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். பெண்களுக்கு இது 12, கர்ப்பிணிகளுக்கு 11 இருக்க வேண்டும். குறைந்தால் களை எடுக்கும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், எப்போதும் அசதியாக இருக்கும். அரசு தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், புது ரத்த அணுக்கள் உருவாக உதவும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது.

நல்லாயிட்டா நிறுத்தலாமா?

கூடாது. நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். வருமானம் முதலில் அன்றாடச் செலவுக்குப் போகும், மிச்சம்தான் சேமிப்பு. உடம்பும் அப்படித்தான். முதலில் ரத்தத்தைச் சரி செய்யும். பிறகுதான் கல்லீரலில் இரும்பைச் சேர்த்து வைக்கும். பாதியில் நிறுத்தினால் கையிருப்பு இருக்காது. பிரசவத்தில் ரத்தம் போகும்போது அந்தக் கையிருப்புதான் தாயைக் காப்பாற்றும். அதனால்தான் கர்ப்பிணிகள் 4-ஆம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடச் சொல்கிறார்கள். ரத்தம் குறைவாக இருப்பவர்கள் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிட வேண்டும்.

ஏன் கறுப்பாகப் போகிறது?

உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியே போவதுதான் காரணம். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மாத்திரை சாப்பிடாமலே கறுப்பாகப் போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

எப்படிச் சாப்பிடுவது?

* சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போடலாம்.
* டீ, காபி, பாலோடு வேண்டாம். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், கொய்யா நல்லது.
* சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடாதீர்கள். 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
* மலச்சிக்கல் வந்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். கீரை, பழம் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* கொக்கிப்புழு குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். வயலுக்குப் போகும்போது செருப்புப் போடுங்கள். பூச்சி மாத்திரையை நர்ஸ் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.
* குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிவப்பாக இருப்பதால் மிட்டாய் என்று நினைத்து நிறையத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

முருங்கைக்கீரையும் கேழ்வரகும் அவசியம் சாப்பிட வேண்டும். ஆனால் ரத்தம் ரொம்பக் குறைந்துவிட்டால் கீரை மட்டும் போதாது. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போனாலும், கர்ப்பிணிக்கு அளவு 7க்குக் கீழே போனாலும் மாத்திரையை மட்டும் நம்பி இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த சகோதரியின் அத்தையிடமும் உட்கார்ந்து பேசினோம். இப்போது இரவு சாப்பிட்டதும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பதே அந்த அத்தைதான்! பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கையிருப்பு சேர்க்க நேரம் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ் புத்தகத்தோடு உங்கள் மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள். எத்தனை மீதி இருக்கிறது என்று சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.