வாசலுக்கு வெளியே நின்று வீடு விற்ற காலம்

2020 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. என் கைப்பையில் சிங்கப்பூரின் ஃபெர்ன்வேலில் காலியாக இருந்த இரண்டு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சாவிகள் கிடந்தன. சாவி இருந்தும் யாரையும் உள்ளே அழைத்துப்போக முடியாது. கொவிட்-19 நோய்ப்பரவலை முறியடிக்கும் திட்டம் அன்றுதான் தொடங்கியது. எல்லார் வாயிலும் அதற்கு ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்றுதான் பெயர். என்னைப்போன்ற சொத்து முகவர்கள் நேரில் வீடு காட்டுவது நின்றது. புதிய தனியார் வீடுகளின் காட்சிக்கூடங்களும் மூடின. மறுபடி ஒருவரை வாசல் தாண்டி உள்ளே அழைக்க ஜூன் 19 வரை காத்திருந்தேன்.

நான் செங்காங்வாசி. எங்கள் வடகிழக்கு எம்ஆர்டி ரயில் பாதை 2003 ஜூன் 20ஆம் தேதி திறந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் சார்ஸ் பாதித்த இடங்களின் பட்டியலிலிருந்து உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை எடுத்திருந்தது. 238 பேருக்குத் தொற்று, 33 பேர் மரணம். அந்தப் பயத்தைப் பார்த்தவள் என்பதால், 2020ல் சில சகாக்கள் “இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் அக்கா” என்று சொன்னபோது நான் நம்பவில்லை.

அப்போது என் பட்டியலில் ஆங்கர்வேல் நான்கறை வீடு ஒன்று இருந்தது. எழுபதைத் தாண்டிய தமிழ்த் தம்பதி. அங்கிளுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மகள் வீட்டுக்கு அருகே சின்ன வீடாகப் பார்த்துப் போக வேண்டும் என்பதால் விற்றார்கள். சாதாரண நாள் என்றால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பத்துப் பதினைந்து குடும்பங்களை வரிசையாக உள்ளே விடுவேன். அங்கிள் சோபாவில் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத முப்பது பேர் அவரைச் சுற்றி நடப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்தபோதே வயிறு கலங்கியது. எனக்குக் கமிஷன் இரண்டு விழுக்காடு. அவருக்கோ உயிரே பணயம்.

கமிஷன் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. சிங்கப்பூரில் அப்போது ஏறக்குறைய 30,000 முகவர்கள் இருந்தோம், பெரும்பாலும் சொந்தக்கணக்கில் பிழைப்பவர்கள். தகுதிபெற்ற சுயதொழில் செய்பவர்களுக்கு அரசாங்கம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு, தவணைக்கு 3,000 வெள்ளியாக மூன்று தவணைகளில் கொடுத்தது. அது வந்ததால்தான் விதியை மீறி “சும்மா ஐந்து நிமிஷம் காட்டிவிடலாம்” என்ற ஆசை எனக்கு எழவில்லை என்று மனதாரச் சொல்வேன். பாதுகாப்பு விதியை எழுதுகிறவர்கள், அதைக் கடைப்பிடிப்பவர் வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இங்கே பார்த்தார்கள்.

மே மாதத்தில் வீடியோவுக்கு மாறினோம். அங்கிளின் பேத்திதான் போனைப் பிடித்தாள். நான் என் வீட்டிலிருந்து சொல்லச் சொல்ல அவள் நடந்தாள். முதல் முறை எல்லாம் அழகாக வந்தது. அதில்தான் தவறு. பொதுக் குளியலறையின் கூரையில், மேல்மாடியிலிருந்து கசிந்த பழைய கறை ஒன்று இருந்தது. போன் தரையையும் சுவரையும் காட்டியதே தவிர மேலே போகவில்லை. எனக்கு அது தெரியும். சொல்லாமல் விட்டேன். வாங்க விரும்பிய ஒருவர், “ஆன்ட்டி, கூரையைக் காட்டுங்கள்” என்று கேட்ட பிறகே காட்டினேன். அவர் அதன்பிறகு அழைக்கவில்லை, அதில் தப்பும் இல்லை.

அன்று இரவு உட்கார்ந்து வேறு மாதிரி யோசித்தேன். நேரில் வருகிறவர் எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால், வரவேண்டாதவர்கள் வீடியோவிலேயே விலகிக்கொள்ள வேண்டும். அதற்கு வீட்டின் குறைகள்தான் முதலில் தெரிய வேண்டும். அடுத்த வீடியோவைக் கறையிலிருந்தே தொடங்கினோம். சமையலறைத் தொட்டியின் அடிப்பகுதி, ஜன்னல் கம்பித் துரு, மின்பெட்டி, மாலை நான்கு மணிக்குப் பெரிய படுக்கையறையில் விழும் மேற்கு வெயில், எல்லாம் காட்டினோம். ஃபார்ம்வே எல்ஆர்டி ரயில் நிலையம் பக்கம்; வண்டி அந்த உயரப் பாதையில் போகும்போது கூடத்தில் எப்படிக் கேட்கும் என்பதற்காக, பேத்தியைப் பேசாமல் நிற்கச் சொல்லி, ஒரு வண்டி கடந்து போகும்வரை பதிவு செய்தோம். பூசை அலமாரி, குடும்பப் படங்கள், மருந்துச்சீட்டு ஆகியவற்றின் மேல் போன் திரும்பாமல் பார்த்துக்கொண்டோம். வீடியோ எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

தொலைபேசியில் கேட்கும் கேள்விகளும் கூடின. வீவக கடன் தகுதிக் கடிதம் கையில் இருக்கிறதா, இல்லை வங்கியின் கொள்கையளவு ஒப்புதலா? இப்போது இருக்கும் வீடு விற்றாகிவிட்டதா? எந்த இனம்? இந்தக் கேள்வி வெளிநாட்டு வாசகருக்கு முகத்தில் அடித்தாற்போல இருக்கும். 1989 முதல் இங்கே வீவக புளோக்குகளுக்கும் வட்டாரங்களுக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை உண்டு. ஓர் இனத்துக்கான உச்சவரம்பு எட்டிவிட்ட புளோக்கில், விற்பவரும் அதே இனமாக இருந்தால்தான் அந்த இனத்தவர் வாங்கலாம். புளோக் எண்ணைப் போட்டு வீவக இணையத்தளத்தில் பார்த்தால் தெரியும், மாதத்தின் முதல் நாளில் அது புதுப்பிக்கப்படும். வாங்கவே தகுதியில்லாத குடும்பம் ஆசையோடு வந்து பார்த்துவிட்டுப் போவது முன்பெல்லாம் நேர விரயம் மட்டும். தொற்றுக் காலத்தில் அது வீண் ஆபத்து. இந்தக் கேள்விகளுக்குப் பிறகு ஆங்கர்வேல் வீட்டுக்குக் கேட்டிருந்த பத்தொன்பது பேர் மூன்றாகக் குறைந்தார்கள்.

நேரில் காட்டத் தொடங்கியபின் ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் ஐந்து விருந்தாளிகள் என்பது வரம்பு. அங்கிளுக்காக நான் அதை மூன்றாக்கினேன்: நான், வாங்கும் கணவன், மனைவி. ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே ஒரு மணி நேரம். யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த எண்ணில் அழைக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன், பின்னால் யாருக்காவது தொற்று உறுதியானால் உடனே சொல்ல.

காற்று பற்றி விளக்கப் பெரும்பாடு பட்டேன். வீட்டைக் குளுகுளுவென்று வைத்தால் வாங்குபவருக்குப் பிடிக்கும் என்று எல்லாரும் ஏர்கானைப் போட்டு ஜன்னலை அடைத்துவைப்பார்கள். நம் வீடுகளில் சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. அங்கிளின் மனைவிக்கு நான் சாம்பிராணியை வைத்துச் சொன்னேன். மூடிய அறையில் தூபம் காட்டினால் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது? அதே அறையில் எதிரெதிரே கதவையும் ஜன்னலையும் திறந்தால்? மூச்சில் வரும் நுண்துளியும் அப்படித்தான் மிதக்கிறது, கலைகிறது. ஆகவே அரைமணி முன்பே வாசல் கதவும் சமையலறை ஜன்னலும் திறந்திருக்கும், ஏர்கான் அணைந்திருக்கும், மின்விசிறி சுழலும். விளக்குகளைப் போட்டு, அலமாரிக் கதவுகளையும் முன்கூட்டியே திறந்துவைத்துவிட்டால் யாரும் எதையும் தொட வேண்டாம். அந்த நாட்களில் கைப்பிடிகளைத் துடைத்துத் துடைத்தே என் விரல் வறண்டது. ஆபத்தில் பெரும்பங்கு காற்றில்தான் என்பது பிறகு தெளிவானபோது, துடைத்த நேரத்தைக் குறைத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

இன்னொரு பக்கம், வீடு தேடுபவர் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. காரணம் எங்கள் பக்கத்து ஊரிலேயே தெரிந்தது. பொங்கோல் எஸ்-11 ஊழியர் விடுதி 2020 ஏப்ரல் 5ல் தனிமைப்படுத்தும் இடமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து இந்த நகரைக் கட்டுகிற தம்பிகள் அறைகளில் அடைபட்டார்கள். கட்டுமானம் நின்றது, பதிவு செய்தபின் கட்டித்தரும் பிடிஓ வீடுகள் பல மாதங்கள் தாமதமாயின. காத்திருக்க முடியாதவர்கள் மறுவிற்பனை வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் வந்தார்கள். வீவக மறுவிற்பனை விலை 2020ல் 5 விழுக்காடும் 2021ல் 12.7 விழுக்காடும் ஏறியது. வீடு தாமதம் என்று பேசும்போதெல்லாம் அந்த விடுதி அறைகளை நாம் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் ஐந்து பேர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரே அறையில் அதைவிட அதிகம் பேர் படுத்திருந்தார்கள்.

அவசரம் இருக்கும் இடத்தில் மோசடியும் வந்துவிடும். 2021ல் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, ரிவர்வேலில் ஓர் அறைக்கு வீடியோ மட்டும் பார்த்து, “இன்றே அனுப்பினால்தான் பிடித்துவைப்பேன்” என்று சொன்னவரிடம் 800 வெள்ளி முன்பணம் அனுப்பிவிட்டு, பிறகு என்னிடம் வந்து அழுதாள். அந்த ஆள் நிஜமான ஒரு முகவரின் படத்தையும் பெயரையும் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2010ல் அமைந்த சொத்து முகவர் மன்றம் பொதுப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. பதிவுபெற்ற ஒவ்வொரு முகவரும் தொலைபேசி எண்ணோடு அதில் இருப்பார். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பதிவேட்டில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தையோ வீடு வாங்கும் பணத்தையோ முகவர் கையில் வாங்குவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. எங்களில் எவராவது “என் கணக்கில் போடுங்கள்” என்றால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

வீடியோ பார்த்து மட்டும் ஆப்ஷன் (வீடு வாங்கும் உரிமைப் பத்திரம்) போட வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஆப்ஷன் தொகை 1,000 வெள்ளிக்கு மேல் போகாது, முடிவெடுக்க 21 நாள் உண்டு. ஆனாலும் அந்தத் தாளில் விலை எழுதியாகிவிடும். வீவக மதிப்பீடு அதற்குக் குறைவாக வந்தால் மிச்சத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், கடனும் சேமநிதியும் அதற்கு உதவாது. முகக்கவசத்தோடு பதினைந்து நிமிஷம் நேரில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்பேன்.

2020 ஜூன் 20, சனிக்கிழமை. ஆங்கர்வேல் வீட்டுக்கு வந்த இரண்டாவது குடும்பம் இளம் தம்பதி, கூடவே கணவனின் அம்மா. “அக்கா, அம்மா பார்க்காமல் எப்படி?” என்று அந்தத் தம்பி கெஞ்சினான். அங்கிள் முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடித்துக் களைத்திருந்தார். மூன்று என்றால் மூன்றுதான் என்றேன். அந்த அம்மா கோபித்துக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டார். மேலே மருமகள் வீடியோ அழைப்பில் ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். சமையலறைக்கு வந்ததும் போனிலிருந்து கேள்வி: “தாளிக்கிற வாசம் கூடத்துக்கு வருமா? அதைக் கேளு.” அங்கிள் தன் அறைக்குள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார்: “அந்த ஜன்னலைத் திறந்தா வராதும்மா! பதினாலு வருஷமா மீன் பொரிச்சிருக்கோம்!” கீழே அந்த அம்மா சிரிப்பது, போன் இல்லாமலே மேல்மாடி வரை கேட்டது. அடுத்த வாரம், தாழ்வாரத்தில் செருப்பு அலமாரியின் மேல் தாளை வைத்து, அவரவர் பேனாவால் கையெழுத்திட்டார்கள்.