வரிசையின் வேகம்

புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில் உள்ளது சேதராப்பட்டு. புதுச்சேரி அரசின் பிப்டிக் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டைகளுள் ஒன்று இவ்வூரில் இருக்கிறது. இத்தகைய தொழிற்பேட்டைகளின் கூடங்கள் பலவற்றில் ஒரு பொருளை ஒருவரே முழுமையாகச் செய்வதில்லை. பொருள் கைமாறிச் செல்லச் செல்ல, ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு வேலையை முடித்து அடுத்தவருக்கு அனுப்புவர். இதனைப் பொருத்துவரிசை என்பர். தொழிலாளர் நாவில் ‘லைன்’.

மேசை மின்விசிறியை ஐவர் பொருத்துவதாகக் கொள்வோம். அடித்தட்டைத் தண்டுடன் இணைக்க 40 நொடி, மோட்டாரைப் பொருத்த 55, சுவிட்சை மாட்டி மின்கம்பிகளை இணைத்து அடிமூடியை முடுக்க 90, இறக்கைக்கு 45, கம்பிக்கூண்டுக்கு 50. மொத்தம் 280 நொடி. ஆயினும், 90 நொடிக்கு ஒரு விசிறியே வெளிவரும். அஃதாவது மணிக்கு 40. மூன்றாமவர் முன் பொருள்கள் குவிய, அவருக்குப் பின்னுள்ளோர் கைகட்டிக் காத்திருப்பர். மேற்பார்வையாளரின் கடுஞ்சொல் விழுவதோ மூன்றாமவர்மீது! அவர் மெதுவாக வேலை செய்பவர் அல்லர். அவருக்கு மிகுதியாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

எனவே, வேலையை மறுபடி பங்கிட வேண்டும். ஆனால், எதையும் எங்கும் நகர்த்த இயலாது. கம்பிகளை இணைக்குமுன் மூடியை முடுக்க முடியுமா? சுவிட்சை மாட்டும் 20 நொடி வேலையை முதலாமவருக்கும், மூடியை முடுக்கும் 10 நொடி வேலையை நான்காமவருக்கும் தரலாம். இப்போது நேரங்கள் 60, 55, 60, 55, 50. ஆளைக் கூட்டாமலே மணிக்கு 60 விசிறிகள் கிடைக்கும். நூற்றுக்கணக்கான சிறுவேலைகள் உள்ள இடத்தில் இவ்வாறு கண்ணால் பார்த்துப் பங்கிட முடியாது. ஒரு வேலையின் நேரத்தோடு, அதனை நம்பிக் காத்திருக்கும் பின்வேலைகளின் நேரத்தையும் கூட்டி, பெருந்தொகை பெற்றதை முதலில் ஒதுக்கும் முறையை 1961இல் ஹெல்கெசன், பர்னி ஆகியோர் வெளியிட்டனர்.

அமெரிக்காவின் ஃபோர்டு தொழிற்சாலையில் மகிழுந்துக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை ஒருவரே பொருத்த ஏறத்தாழ 20 நிமிடம் ஆயிற்று. 1913இல் அவ்வேலையை 29 பேருக்குப் பகுத்தனர். நேரம் 13 நிமிடம் 10 நொடியாகக் குறைந்தது. மறு ஆண்டு வரிசையின் உயரத்தை 8 அங்குலம் கூட்டினர், 7 நிமிடமாயிற்று. பகுத்ததைவிட, குனிந்த முதுகை நிமிர்த்திய இச்செயலே என் பார்வையில் பெரிது. எனினும், ஓயாத வரிசையைத் தாங்காமல் தொழிலாளர் பலர் விலகிக்கொண்டே இருந்தனர். 1914 சனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியமும் 8 மணி நேர வேலையும் அறிவிக்க நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். 60 நொடியில் 60 நொடி வேலை உடையவர் வியர்வை துடைப்பது எப்போது? மார்கழிக் காலையில், கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு அளந்த நேரம், சித்திரைப் பிற்பகலில் தகரக் கூரையின்கீழ் நிற்கும் புதியவருக்குப் பொருந்தாது. ஆகவே, அளந்த நேரத்தோடு களைப்புக்கும் தண்ணீர் அருந்துவதற்கும் உரிய நேரத்தைச் சேர்த்த பின்னரே பங்கிடுதல் முறை. சப்பானின் டொயோட்டா நிறுவனமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. குறை கண்ட தொழிலாளி தலைக்குமேல் உள்ள கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். உரிய நேரத்துக்குள் அது தீராவிடில் வரிசையே நின்றுவிடும்.